படுத்துக்கொண்ட மஞ்சள்

"இன்னா, முழிச்சுக்கினியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கங்கா ஒவ்வொரு சில்லையும் சோதனைப் பெட்டிக்குள் வைக்கிறாள். மூடியை அழுத்துவாள்; திரையில் பச்சை விழுந்தால் அடுத்தது. ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு சில்லு. எண்ணூறுக்கும் அதே விசாரிப்பு.

ஒரகடத்தில் அவள் கம்பெனி செய்வது கார் கேமராவுக்கான சென்சார். ஒளி எந்த வாக்கில் அதிர்கிறது என்று பிரித்தறிகிற சில்லு அது. ஈரச் சாலையின் பளபளப்பைக் கார் அடையாளம் காண்பது அதனால்தான். பெட்டி விளக்கின் முன்னால் ஒரு சதுரப் படலம் உண்டு. ஒரே வாக்கில் அதிரும் ஒளியை மட்டும் அது உள்ளே விடும்.

கங்காவுக்கு வயது முப்பத்தாறு. வடக்குப்பட்டிலிருந்து கம்பெனி பஸ். கான்ட்ராக்ட் வேலை. நான்கு வருடமாக ஒன்றை மறைத்துவைத்திருந்தாள்: பெட்டி வெளிச்சத்தின் நடுவே மங்கலாக ஒரு மஞ்சள் தீற்றல் அவளுக்குத் தெரியும். கணவரிடம் மட்டும் சொன்னாள்; அவர், "ஃபோன நோண்டாத, சரியாப்பூடும்" என்றார். கண் கோளாறு என்றால் வேலை போய்விடும். வருடாந்தரப் பரிசோதனையில் அவள் வாய் திறக்கவில்லை.

போன மாதம் ஒரு காலை, வைத்த சில்லெல்லாம் சிவப்பு காட்டின. சில்லுகளைத் திசை மாற்றி ஒட்டிவிட்டாள் என்று, அவற்றை ஒட்டும் லைனிலிருந்து கிளியம்மாளை வரவழைத்தார் இன்ஜினியர் ஜெபகுமார்.

"நான் சரியாத்தான் சார் வச்சேன்."

"நானூறு பீஸ் போச்சு. ஐடி கார்டக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

கிளியம்மாள் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினாள். கங்கா பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"சார், அவ மேல தப்பில்ல. மஞ்ச படுத்துக்கினு கீது. நேத்து வரைக்கும் நின்னுக்கினு இருந்துச்சு."

"எந்த மஞ்ச?"

எல்லாவற்றையும் சொன்னாள். அன்று காலை படலத்தைத் துடைத்து மாட்டியவர் ஜெபகுமார்தான். அதைக் கழற்றி, கால் வட்டம் திருப்பி மாட்டினார். பச்சை. அடுத்ததும் பச்சை. "தப்பு என்னோடதுதாம்மா" என்று கிளியம்மாளிடம் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கண் டாக்டர் கங்காவைச் சோதித்துவிட்டுச் சிரித்தார். "கோளாறெல்லாம் இல்லம்மா. ஒரே வாக்குல அதிர்ற ஒளியப் பாத்தா எல்லார் கண்ணுக்குள்ளயும் வர்ற தீற்றல்தான்; ஒளியோட வாக்கு திரும்புனா அதுவும் திரும்பும். சில பேருக்குத்தான் புலப்படும்."

அதைக் கேட்டதிலிருந்து ஜெபகுமார் சாப்பாட்டு நேரத்தில் பெட்டி முன்னால் வந்து நிற்கிறார்.

"ஒண்ணுமே தெரியலையே, கங்கா."

"ஒரே மாதிரி மொறச்சுப் பாத்தா ஓடிப்பூடும் சார். தலய சாச்சாத்தான் மறுபடி வரும்."

சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு கையுறைக் கைகள் இரண்டாலும் அவர் தலையைப் பிடித்து, மெல்ல ஒரு பக்கம் சாய்த்தாள்.