ஏர்பேட்டிலிருந்து வந்த இரண்டு கட்டு வைக்கோல்

தை அறுவடை முடிந்த கையோடு, ஆந்திராவில் விஜயபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் சிநேகிதி சரளாவைப் பார்க்கப் போனேன். ஓய்வெடுக்கத்தான் போனேன், போன இடத்தில் வைக்கோல் தேடி அலையும்படி ஆகிவிட்டது.

சரளாவுக்கு மூன்று கறவை மாடுகள். பால் ஊற்றித்தான் வீட்டுச் செலவு நடக்கிறது. அவள் கணவர் மோகன் இந்தப் போகம் புதிதாக ஒரு குண்டு நெல் போட்டிருந்தார். நெல் நன்றாகக் கண்டது. வைக்கோல்தான் குட்டை, முரடு. மாடுகள் நுனியைக் கடித்துவிட்டு மீதியை மிதித்தன.

"மறுபடியும் இதையே நட்டா ஒரு மாட்ட வித்துடுவேன். இன்னாத்த துன்னும் அது?" என்றாள் சரளா.

"எல்லா வைக்கோலும் ஒண்ணுதான்மே. பசிச்சா துன்னும்," என்றார் மோகன்.

மறுநாள் காலை அவளும் நானும் ஏர்பேட்டுக்கு பஸ் ஏறினோம். அங்கே அவள் சித்தி மகன் இரண்டு ரகம் பயிரிட்டிருந்தார். நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழி. மாறி மாறிப் போக மூன்று மணி நேரம் ஆகிறது. நாராயணவனம் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். "சாமி எங்கயும் போவாது. வைக்கோல் வித்துப்பூடும்," என்றாள்.

களத்தில் இரண்டு போர்கள். ஒன்று ஆளுயரப் பயிரின் வைக்கோல்; ஏக்கருக்கு அதுதான் அதிகம் கிடைக்குமாம். மற்றது சன்ன நெல்லுடையது. போர் சிறியது, தாள் மெல்லியது. எனக்குப் பெரிய போர்தான் பிடித்தது. சரளா இரண்டிலும் ஒவ்வொரு கட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது கண்டக்டர், "ஆவு கூடா எக்குதுந்தா அம்மா?" என்றார். மாடும் ஏறுமா என்று கேட்கிறார்! பஸ்ஸே சிரித்தது. கடைசி சீட்டுக்குப் பின்னால் இடம் கொடுத்தார்.

மாலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். சன்ன நெல் தாளைத் துடைத்துத் தின்ற மாடுகள், உயர ரகத்தில் பாதியை ஒதுக்கிவிட்டன. மோகன் நம்பவில்லை. "பழகின பக்கம் துன்னுது," என்றார். காலையில் அவரே இடம் மாற்றிப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். மாடுகள் மாறவில்லை.

"ஒன் சித்தி மவனுக்கு போன் போடு. வெத நெல்லு கீதான்னு கேக்கறேன்," என்றார். "மூட்ட கொறஞ்சா என்னக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்," என்று சரளா போனை எடுத்தாள்.

வைக்கோல் வாங்கப் போகிறவர்களுக்கு: அறுவடை முடிந்ததும், மழைக்கு முன் போங்கள். எந்த நெல்லின் தாள் என்று கேளுங்கள். போரின் உயரத்தைப் பார்த்து வண்டி பேசாதீர்கள். முதலில் ஒரு கட்டு மட்டும் கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். என்ன நடுவது என்று பேசும்போது நமக்கு அரிசி நினைவுதான் வருகிறது. மிச்சத்தைத் தின்கிறவற்றை யாரும் கேட்பதில்லை. அந்த வீட்டில் கேட்டார்கள்.