அப்பா பார்க்கும் சேனல்

காட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் ஒரு வெள்ளைக்காரனுக்கு நான் ஆறு வருஷம் தமிழ்க் குரல் கொடுத்தேன். காடு, பனி, பாலைவனம், பாம்பு, ராட்சத இயந்திரம் என்று உலகத்தில் உள்ளதையெல்லாம் நாள் முழுக்கக் காட்டுகிற சேனல் அது. அதில் பாட்டு கிடையாது, மாமியார் மருமகள் கிடையாது. அந்த ஆள் ஹெலிகாப்டரிலிருந்து குதிப்பான், சேற்றில் விழுவான், புழுவைப் பிடித்துத் தின்பான். அவனுடைய இங்கிலீஷ் அடியில் லேசாகக் கேட்டுக்கொண்டிருக்க, மேலே என் குரல் ஓடும். "இங்கே தண்ணீர் கிடைப்பது கடினம். ஆனாலும் நான் முயற்சியைக் கைவிடப் போவதில்லை." இந்தத் தமிழை எந்த ஊரிலும் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கும் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் வடக்கனந்தல். சென்னைக்கு வந்த புதிதில், "தம்பி, ஊர் வாடை அடிக்குது" என்று சொல்லிச் சொல்லியே என் வாயிலிருந்து வூடு, இன்னா, போய்க்கினு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். கடைசியில் வீட்டுக்குப் போன் செய்தாலும் சேனல் தமிழ்தான் வந்தது. "சாப்பிட்டீர்களா அம்மா" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "இன்னாடா, நியூஸ் வாசிக்கிற?" என்று அம்மா போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

வேலை நடக்கிற அறை எங்கள் ஊர் மோட்டார் கொட்டகையை விடச் சிறியது. சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச். சத்தம் வரும் என்று ஃபேன் கிடையாது. பனியில் விறைத்துச் சாகப் போகிறேன் என்று நடுங்கிக்கொண்டே பேசும்போது எனக்கு முதுகில் வேர்வை ஓடும். ஒரு தொடரில் இரண்டு பேர் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு பனிமலை ஏறுவார்கள். ஒருவன் விழுந்தால் இன்னொருவனும் போய்விடுவான். ஒருவனுக்கு நான் செவ்வாய்க்கிழமை பேசினேன், இன்னொருவனுக்கு யாரோ வெள்ளிக்கிழமை வந்து பேசிவிட்டுப் போனார். "உன்னை விட மாட்டேன் நண்பா" என்று நான் கத்தியது யாரிடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த முதல் வெள்ளைக்காரன் காட்டில் தனியாக இருக்கிறேன் என்று சொல்வதும் சுத்தப் பொய். படம் பிடிக்க நாலு பேராவது கூட இருந்திருப்பார்கள். உண்மையில் தனியாக இருந்தவன் நான்தான்.

காடு என்று வந்தால் எனக்குத் தெரிந்தது கல்வராயன் மலை ஒன்றுதான். பள்ளிக்கூட நாட்களில் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு வெள்ளிமலை ஏறியதை நினைத்துக்கொண்டுதான் மூச்சு வாங்குவேன். அமேசான் என்று நீங்கள் கேட்டதில் பாதி அந்த மலைப்பாதை.

அறைக்குள் போகும் முன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, பையை வெளியே வைத்துவிட வேண்டும். அது விதி. அப்படி அணைத்திருந்த ஒரு நாளில்தான் அம்மா மரவள்ளித் தோட்டத்தில் மயங்கி விழுந்தாள். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் வெளியே வந்து போனைப் போட்டபோது பன்னிரண்டு அழைப்புகள் தவறியிருந்தன. பன்னிரண்டும் அப்பாவுடையவை. அதுவரைக்கும் அப்பா எனக்குத் தானாகப் போன் செய்ததே இல்லை. அம்மா பேசி முடித்துக் கையில் திணித்தால் "சாப்ட்டியா?" என்பார், நான் "சாப்பிட்டேன்" என்பேன், போன் மறுபடி அம்மாவிடம் போய்விடும்.

காரியம் முடிந்து நான் சென்னை திரும்பிய பிறகு அப்பாவின் போன் வரவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் வயலில் இருக்கிற நேரமாகப் பார்த்து நான்தான் கூப்பிடுவேன். "நல்லா இருக்கியா? சரி சரி, வேலையப் பாரு" என்று வைத்துவிடுவார். பன்னிரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்காத பிள்ளையோடு அவருக்கு என்ன பேச்சு இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் லேசுப்பட்டவன் இல்லை. அவராகக் கூப்பிடட்டும், கோபத்தைத் திட்டியாவது தீர்க்கட்டும் என்று வீம்பாக நானும் கூப்பிடுவதை விட்டேன். மாதக்கணக்கில் அப்படியே போயிற்று.

அந்தச் சமயத்தில் வேலையும் நின்றுபோனது. சேனல் புதிதாக எதையும் வாங்கவில்லை. பழையதையே காலை, மதியம், சாயங்காலம் என்று திருப்பித் திருப்பிப் போட்டார்கள். நான் அறையில் படுத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி இருப்பேன். பக்கத்து வீட்டு டிவியிலிருந்து, "சூரியன் மறைவதற்குள் நான் ஒரு கூடாரம் அமைத்தாக வேண்டும்" என்று என் குரல் கேட்கும். ஒரு நாள் முழுக்க நான் கேட்ட ஒரே மனிதக் குரல் அதுவாக இருந்ததும் உண்டு. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா பேரில் இருந்த அரை ஏக்கருக்குப் பட்டா மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்று சித்தப்பா கூப்பிட்டார். அதற்குக்கூட அப்பா கூப்பிடவில்லையே என்று உளுந்தூர்பேட்டை வரைக்கும் பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தேன். அங்கே இறங்கிக் கள்ளக்குறிச்சி பஸ் பிடித்து, ஊர் போய்ச் சேரும்போது பகல் பதினோரு மணி. எங்கள் தெருவில் திரும்பும்போதே என் குரல் கேட்டது. பாலைவனத்தில் இருந்தேன். தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது.

கதவு திறந்தே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். மடியில் அந்தப் பழைய பட்டன் போன் இருந்தது. விளம்பரம் வந்ததும் போனை எடுத்து, கண்ணுக்குக் கிட்டே வைத்து, கட்டை விரலால் எதையோ தேடினார். அதற்குள் விளம்பரம் முடிந்து நான் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டேன். அவர் போனை மடியில் வைத்துவிட்டார்.

"அப்பா" என்றேன்.

திரும்பிப் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ எப்படா வந்த? அப்போ அங்க யாருடா பேசிக்கினு கீறது?"

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "நான்தாம்பா. அது எப்பவோ பேசினது."

"எப்பவோன்னா?"

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினேன். வடக்கே இருந்து வருகிற தலைவர்கள் மேடையில் பேசும்போது பக்கத்தில் ஒருத்தர் நின்று அவ்வப்போது தமிழில் சொல்வாரே, அந்த மாதிரி நான் எங்கேயோ உட்கார்ந்து அந்த வெள்ளைக்காரன் பேசப் பேசச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்பா நினைத்திருந்தார்.

"போட்டதையே திரும்பப் போடறானேப்பா. அப்பவுமா நான் வந்து பேசுவேன்?"

"கூத்துக்காரன் தெனம் ஒரே கூத்த ஆடறதில்ல? அதுமாரிதான்னு இருந்தேன். புள்ளய ஒக்கார வெச்சு சொன்னதையே சொல்ல வெக்கிறானுங்களேன்னு பாவமா இருக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாகவே, "காலைலயும் நீதான் பேசற, மத்தியானமும் நீதான் பேசற. எப்பதான்டா சாப்புடுவ?" என்றார்.

"ஏம்பா ஒரு போன்கூடப் பண்ணல?"

"எப்படிப் பண்றது? அன்னைக்கு உன் சித்தப்பன்தான் சொன்னான், அவன் டிவிக்குப் பேசறப்ப போன ஆஃப் பண்ணி வெச்சிருப்பான், கூப்டாதன்னு. நீ நிறுத்தினா கூப்டலாம்னு தெனம் ஒக்காந்துக்கினு கீறேன். எங்க நிறுத்தற? ராத்திரி புள்ள தூங்கட்டும்னு விட்டுடுவேன். வெளம்பரம் வரும்போது கூப்டலாம்னா, உன் நம்பர நான் எடுக்கறதுக்குள்ள வந்துடற."

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நான் சென்னையில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த அத்தனை நாளும் இவர் இங்கே மடியில் போனோடு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். வீம்பு பிடித்த என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"என் மேல கோவம்னு நெனச்சேம்பா."

"கோவமா? எதுக்குடா?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எழுந்து போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாக இருந்தது. எப்படிப் பேசுவோம், எப்படி ஒரே நாளில் எங்களைப் பேசவைத்துப் பதிவு செய்து வைத்துக்கொள்வார்கள் என்பதையெல்லாம் அவருக்கு விளக்கிச் சொன்னேன். எனக்கும் பழைய பேச்சு வந்துவிட்டிருந்தது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு டிவியைப் பார்த்தபடியே, "அப்போ அன்னைக்குப் பேசினதும் இதுல வருமா?" என்று கேட்டார்.

அம்மா போன அன்றைக்கு என்பது எனக்குப் புரிந்தது. "வரும். வந்துக்கினுதான் கீது."

"எது?"

"ஆத்துல வெள்ளம் வரும். கட்டைங்களக் கொடியால கட்டித் தெப்பமாட்டம் பண்ணி அக்கரைக்குப் போவான்."

"கரையேறினதும் மல்லாக்கப் படுத்துக்கினு சிரிப்பியே, அதா?"

"அதுதான்."

அந்தச் சிரிப்பு சரியாக வரவில்லை என்று அன்றைக்கு ஏழு தடவை எடுத்தார்கள். சாவைத் தாண்டி வந்தவன் சிரிக்கிற சிரிப்பு, இன்னும் சந்தோஷம் வேண்டும் என்று அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிவு செய்கிறவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஏழாவது தடவை வயிறு நோகச் சிரித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது அணைத்த போனோடு பை வெளியே இருந்தது. இதை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் பேசினார்.

"அத நாலஞ்சு தரம் பாத்துட்டேன். ஒவ்வொரு தரமும் உங்கம்மாவத்தான் நெனச்சுக்குவேன். புள்ள இப்படி வாய்விட்டு சிரிக்கிறத கேக்காம போய்ட்டாளேன்னு."

சொல்ல நினைத்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தேன். டிவியில் நான் விடாமல் பேசிக்கொண்டிருந்தேன்.