செல்வி பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள், முதலாளி

நடேசன் முதலாளி நேற்றுப் பின்னேரம் போய்விட்டார்... கந்தப்பளை பஜாரில் போட்டோகாப்பிக் கடை வைத்திருந்தவர். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நேற்றே இதைப் போனில் எழுதிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. என் மகள் செல்விக்கு இன்று பரீட்சை.

ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் நுழைவுப் பரீட்சை. இது மூன்றாவது தடவை. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும், பிறகு எழுத விடமாட்டார்கள். இந்தத் தடவை அவளைத் தயார் பண்ணியவர் முதலாளிதான்.

"அண்ணே, பிள்ளைக்கு இப்ப சொல்லிறாதீங்க. எழுதிட்டு வரட்டும்" என்று அவர் மனைவி போனில் அழுதுகொண்டே சொன்னார்.

இப்போது நுவரெலியாவில், பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். மணி அடித்து கேட்டை மூடிவிட்டார்கள். இனி நான் இதை எழுதலாம். மூன்று மணித்தியாலம் இருக்கிறது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்... இந்த வயதில் வந்ததே பெரிய சந்தோஷம்.

இரண்டு தடவையும் செல்வியைக் கவிழ்த்தது வாக்கியத் திருத்தம். பிழையான ஒரு வாக்கியம், கீழே நான்கு விடை, சரியானதைத் தெரிவு செய்ய வேண்டும். போன வருடம் அந்தப் பழைய பேப்பரைப் போட்டோகாப்பி அடிக்க முதலாளி கடைக்குப் போனோம். மெஷின் ஓட ஓட, அவள் போட்டிருந்த விடைகளை முதலாளி பார்த்தார்.

"ஏம்மா இதப் போட்ட?"

"காதுக்குச் சரியா இருந்துச்சி அங்கிள்."

"யாரு காதுக்கு?"

"எங்க லயத்துக் காதுக்கு."

அவருக்குச் சிரிப்பு. 'மாணவர்கள் தாமதமாக வந்தது' என்பதை அவள் சரி என்று போட்டிருந்தாள். பிள்ளைக வந்துச்சி என்றுதானே தோட்டத்து லய வீடுகளில் சொல்வோம்.

"வீட்டுல அப்படியே பேசு. நானும் அப்படித்தான் பேசுறேன். இந்தத் தாள்ல மட்டும் காத நம்பாத. யாரு செஞ்சான்னு கோடு போடு. என்னா செஞ்சான்னு கோடு போடு. ரெண்டையும் சேத்துப் பாரு."

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள், அவள் முன்பள்ளி வேலை முடிந்ததும் அந்தக் கடை பெஞ்சில் போய் உட்காருவோம்.

சரியான விடையை முதலில் தொட விடமாட்டார். பிழையான மூன்றையும் வெட்டி, ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று சொல்ல வேண்டும். சரியாகப் போட்டாலும் "ஏன்?" என்பார். செல்விக்குக் கோபம் வரும்.

"சரியாத்தானே இருக்கு, விடுங்களேன் அங்கிள்."

"இன்னிக்கி தானா வந்துருச்சி. அன்னிக்கி வரலன்னா?"

அவர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் உட்கார்ந்தவர். கொப்பி அடிக்க வரும் கேள்வித்தாள் எல்லாவற்றையும், மங்கலாக விழுந்து வீசப்போகும் பிரதியில் தானே செய்து பார்ப்பார். இருபது வருடமாக... அதுதான் அவர் படித்த பள்ளிக்கூடம்.

ஒரு நாள் டியூஷன் சொல்லிக்கொடுக்கும் சேர் ஒருவர் கேள்வியும் விடையுமாக எண்பது கொப்பி அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார். பாதியில் முதலாளி மெஷினை நிறுத்திவிட்டார். பதினாலாவது விடை பிழையாம். கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், இவர் சேருக்குப் போன் எடுக்கிறார்.

"நீங்க அடிச்சி வைங்க முதலாளி. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்று சேர் சொன்னது எங்களுக்கே கேட்டது.

"எம்பது பிள்ளைக தப்பாப் படிக்கும் சேர். தாள் உங்களுது, மெஷின் என்னுது."

சேர் மழையில் நனைந்து வந்தார். முகம் இறுகிப் போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தார், திரும்ப வாசித்தார். பிறகு தன் பேனையாலேயே திருத்தினார். முதலாளி பக்கத்துக் கடையில் ஒரு பிளேன்டீ சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார். இப்படி ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை.

என்னையும் சும்மா உட்கார விடவில்லை. "அண்ணே, இந்த ரூலரைப் பிடிங்க, பிள்ள வாசிக்கிற வரிக்குக் கீழ" என்று கொடுத்தார். எழுத்துத் தெரியாத ஆள் நான், பத்து வயதில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனவன். வரி வரியாக ரூலரை இறக்குவேன். செல்வி வாசிப்பாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக முகம் காட்ட ஆரம்பித்தன. புரியாததை முதலாளியிடம் கேட்பேன், அதற்கும் அவர் அலுத்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் செல்வி வாய் திறக்கும் முன்னே ஒரு கேள்வியை முழுதாக வாசித்துவிட்டேன். முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரி. விடை எதுண்ணே?"

"எனக்கு நாலும் சரியாத்தான் இருக்கு முதலாளி."

சிரித்துச் சிரித்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "செல்வி, ஒங்கப்பாவுக்கும் ஒரு அப்ளிகேசன் போடுவமா?"

இன்று காலை பஸ்ஸில் செல்வி கேட்டாள். "போனைக் குடுங்கப்பா, அங்கிளுக்கு ஒரு கோல் எடுக்கணும்." படிக்கச் சொல்லி நேற்றே அவள் போனை நான் வாங்கி வைத்திருந்தேன்.

"கடை தொறக்குற நேரம், தொந்தரவு பண்ணாத" என்றேன். மகளிடம் இப்படிப் பொய் சொன்னதில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தெரிந்தவர்கள் தயவுசெய்து அவளுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். நான்தான் சொல்ல வேண்டும்.

மணி அடிக்கிறது... கேட்டைத் திறக்கிறார்கள்.

செல்வி வருகிறாள். பக்கத்தில் வரும் பிள்ளையிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாள். சிரிக்கிறாள். நன்றாகச் செய்திருக்கிறாள் முதலாளி, நடையிலேயே தெரிகிறது.

வந்ததும் போனைக் கேட்பாள். முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்பாள்.

நாலு மணிக்கு உங்களைத் தூக்கும் முன்னே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், முதலாளி. போய் வாருங்கள்.