உப்புப் பார்க்க ஆளில்லாத வெள்ளிக்கிழமை

ஒரு பெரிய பானை நிறைய மாட்டிறைச்சி ஸ்டூ கொதிக்கிறது. அதன் இரண்டு பக்கமும், தலையில் பச்சைத் தொப்பியோடு, இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். இருவருமே அதை நாக்கில் வைக்கமாட்டார்கள். மன்னாரக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். கூடவே சிரிப்பும் வந்துவிடும். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

ரொறன்ரோ டவுன்ரவுனில் ஓர் ஐரிஷ்காரர் நடத்திய மதுச்சாலை அது. மன்னாரக்காவும் நானும் அதன் குசினியில் வேலை செய்தோம். அவர் மன்னார், கத்தோலிக்கர். நான் யாழ்ப்பாணம், பிள்ளையாரையும் அம்மனையும் விட்டால் வேறு கதியில்லாதவள். அந்தக் குசினிக்கு எத்தனையோ ஹெட் குக்குகள் வந்தார்கள், போனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மிளகு எங்கே, பெரிய கத்தி எங்கே என்று காட்டிக்கொடுத்தவர் மன்னாரக்கா. பதவி மட்டும் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்த மார்ச் மாதம், கடைசியாக இருந்தவரும் கோபித்துக்கொண்டு போய்விட, முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "சென் பற்றிக் பெருநாளை நீ நடத்திக் காட்டு. சரியாக வந்தால் குசினி உன்னுடையது. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன்" என்றார். அக்கா ஓமென்று தலையாட்டினார். அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை என்று பிறகுதான் சொன்னார்.

அயர்லாந்துக்காரரின் அந்தப் பெருநாள் இந்த நகரத்தை என்ன பாடு படுத்தும் என்பது கண்டவர்களுக்குத்தான் தெரியும். ஸ்ட்ரீட்கார் நிறையப் பச்சை. நாய்க்குட்டிக்கும் பச்சைச் சட்டை. கடை திறக்கும் முன்பே குளிருக்குள் வரிசை நிற்கும். அந்த வரிசையில் எல்லா நாட்டுக்காரரும் இருப்பார்கள், ஐரிஷ்காரரைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். முதலாளி எங்கள் தலையிலும் தொப்பியைக் கவிழ்த்தபோது, "உது எலெக்சன் கூட்டம் மாதிரியெல்லோ கிடக்கு" என்று அக்கா முணுமுணுத்தார். ஆனாலும் கழற்றவில்லை. சென் பற்றிக், அக்காவின் வாயில் பத்திரிசியார், அவருக்குப் பிடித்த புனிதர்.

எல்லாம் சரி, அந்த வருடம் பெருநாள் வெள்ளிக்கிழமையில் வந்து தொலைத்தது. அதுவும் ஈஸ்டர் என்கிற உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய தவக்காலத்து வெள்ளி. அக்காவின் வாயில் அது தபசு காலம். அந்த வெள்ளிகளில் இறைச்சியை விலக்குவதற்கு அவர் சொல்லும் பெயர் சுத்தபோசனம். எனக்கோ வெள்ளிக்கிழமை மரக்கறி. மாடு எந்தக் கிழமையிலும் கிடையாது. மற்ற வெள்ளிகளில் ஹெட் குக் உப்புப் பார்த்துவிடுவார். அன்று அந்த ஆள் இல்லை. பரிமாறுகிற பிள்ளைகளைக் காத்திருந்து கேட்டிருக்கலாம்தான். ஹெட் குக் ஆகப்போகிறவர் உப்புக்கு ஆள் பிடித்துத் திரிவாரா? அக்கா மணத்தை வைத்துக் கணக்குப் பண்ணி உப்பைப் போட்டுவிட்டு உருளைக்கிழங்கு எடுக்கப் போனார். அவர் பதற்றத்தில் மறந்துவிட்டார் என்று நினைத்து, நல்ல மனதோடு நானும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.

முதலாளி வந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். முகம் கோணிப்போனது. "இதை யார் ருசி பார்த்தது?" என்றார்.

"அக்கா, நீங்களும் உப்புப் போட்டனீங்களோ?" என்று நான் மெதுவாகத் தமிழில் கேட்டேன்.

"ஓம். நீரும் போட்டனீரோ?"

வெள்ளிக்கிழமை, ஒருவரும் பார்க்கவில்லை என்று அக்கா முதலாளியிடம் சொன்னார். வெளியே கதவைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள். முதலாளி கரண்டியை அக்காவிடம் நீட்டினார். "இன்று புனிதரின் நாள். அயர்லாந்துக்காரருக்கு இன்று விலக்கு உண்டு, இறைச்சி சாப்பிடலாம். ஒரு வாய் பார்த்துச் சரிசெய்" என்றார்.

அக்கா கரண்டியை வாங்கவில்லை. அவருடைய ஆங்கிலம் குசினியில் பழகிய ஆங்கிலம். சுற்றி வளைக்கத் தெரியாது. "விலக்கு அயர்லாந்துக்காரருக்கு. நான் மன்னார்" என்றார். "வெள்ளிக்கிழமையில் நானும் பார்க்கமாட்டேன், இவளும் பார்க்கமாட்டாள். சமைப்பது நான், ருசி பார்ப்பது நீ. சம்மதமென்றால் இதை இப்போதே சரிசெய்து தருகிறேன். இல்லாவிட்டால் வெளியாளைக் கூப்பிடு."

கைக்கு வந்ததை இந்த மனுசி காலால் தட்டிவிடுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது. அந்தக் குசினி மீது அவருக்கிருந்த ஆசை எனக்குத் தெரியும். அதற்காகக்கூட அவர் தன் வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்கவில்லை.

முதலாளி கோட்டைக் கழற்றிக் கொழுவிவிட்டு அடுப்படிக்கு வந்தார். அக்கா ஸ்டூவை இரண்டு பானைகளாகப் பிரித்தார். உப்பில்லாத எலும்புச் சாறு வார்த்தார், உருளைக்கிழங்கைக் கொட்டினார். கிழங்கு வெந்ததும் கரண்டி கரண்டியாக முதலாளிக்கு நீட்டி, அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சமைத்தார். கடைசியில் அந்த மனிதர் ஒரு கோப்பை நிறைய அள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார். மாலைக்குள் இரண்டு பானையும் காலி. நாங்கள் தொப்பியைக் கழற்றும்போது, "குசினி உன்னுடையது" என்றார் முதலாளி. "தெரியும்" என்றார் அக்கா.

நான் இப்போது ஸ்காபரோவில் சொந்தமாக டேக்அவுட் கடை நடத்துகிறேன். அண்மையில் டோர்செட் பார்க்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் அக்காவைக் கண்டேன். "இப்பவும் வெள்ளிக்கிழமையில உங்கட முதலாளிதானோ உப்புப் பாக்கிறார்?" என்று கேட்டேன்.

"ஏன் கேக்கிறீர்" என்றார் அக்கா. "வெள்ளிக்கு மட்டுமெண்டுதான் சொன்னனான். இப்ப தபசு முடிஞ்சும் மனுசன் கரண்டியை விடுகுதில்லை."