ரேடியோவில் மாட்டிய கித்தார்

குமுட்டி அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்பை, ஒயர் பற்றவைக்கும் ஈயத்தில் வைத்ததும் எழும் குங்கிலிய நெடி, எங்கள் பருத்திப்பட்டு வீட்டில் ஒரு கோடை முழுக்க நின்றது. சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட விருந்தாளிகளும் உண்டு. உண்மையில் என் மாமா, அம்மாவின் தம்பி, என் அண்ணனின் கித்தாரைக் குடைந்துகொண்டிருந்தார்.

யுத்தத்தில் லாரி ஓட்டப் போன அண்ணன், பர்மா எல்லையில் ஒரு சிப்பாயிடம் கித்தார் பழகி, அந்தக் கித்தாரோடு திரும்பி வந்தான். பக்கத்தில் குண்டு வெடித்ததில் காதுகளை மட்டும் அங்கேயே விட்டுவிட்டான். கீச்சென்ற ஓசை எதுவும் அவனுக்கு ஏறாது. கனத்த ஓசைதான், அதுவும் பலமாக இருந்தால், கொஞ்சம் விழும். வந்த நாள் முதல் அவன் பேசவில்லை. "அத்த வாசிச்சான்னா பேச்சு வந்துடும்" என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். தனக்கே கேட்காததை எவன் வாசிப்பான்?

ஆவடி ராணுவ முகாமில் 'ஒயர்லெஸ்' பழுது பார்த்த மாமாவுக்குத்தான் வழி தோன்றியது. கழித்துப் போட்ட ஹெட்போனைப் பிரித்து, அதன் காந்தத்தையும் கம்பிச் சுருளையும் தந்திகளுக்கு அடியில் பதித்து, ரேடியோவின் பின்னால் மாட்டினால் ஓசை பல மடங்காகும் என்றார். ரேடியோ அப்பாவுடையது, லாரி பேட்டரியில் ஓடுவது. யுத்தச் செய்தி நேரம் தவிர அதைத் தொட எவருக்கும் உரிமை கிடையாது. "பெட்டி கெட்டுப் பூட்ச்சுன்னா இந்த ஊட்டுப் பக்கம் வராத" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கித்தாரின் தந்திகள் வரும் வழியிலேயே அறுந்திருந்தன; பதிலுக்குப் பூந்தமல்லியில் வீணைத் தந்திகள்தாம் கிடைத்தன. மாமா கட்டி மீட்டினார். மெல்லிய தந்திகள் ரேடியோவில் கூவின. தெரு நாய்கள் எழுந்து நின்றன. தடித்த மூன்றும் ஊமை. அண்ணன் எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டான். ஒன்பது வயதுச் சிறுமியான எனக்கு மாமாமேல் வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு டூ விட்டேன். அவர் நான்கு நாள் சுருளைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினார்.

ஐந்தாம் நாள் அம்மா, தையலின்போது சிதறும் ஊசிகளைப் பொறுக்க வைத்திருந்த காந்தத்தைக் கொண்டுவந்து தந்திகளில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள்.

"இன்னாடா தம்பி, இது மூணும் ஒட்டவே இல்லியே."

தடித்தவை பித்தளை. பித்தளையைக் காந்தம் சீந்தாது, அதன் அதிர்வு சுருளில் ஏறாது என்பது மாமாவுக்குத் தெரியாததல்ல; தந்தி என்றால் தந்தி என்று இருந்துவிட்டார். அன்றே முகாமின் பழைய டெலிபோன் ஒயரைப் பிரித்து, அதிலிருந்த எஃகு இழைகளை முறுக்கிக் கட்டினார்.

அப்பா செய்திக்காக வந்து உட்கார்ந்த சாயங்காலம் அது. மாமா மீட்ட, அண்ணன் ரேடியோவில் கன்னத்தை வைத்திருந்தான். பிறகு கித்தாரை அவரிடமிருந்து வாங்கி, அந்த மூன்று தந்திகளை மட்டும் மாற்றி மாற்றி நெடுநேரம் வாசித்தான்.

"அம்மா, கேக்குது" என்றான்.

செய்தி நேரம் என்று மாமா ஒயரைப் பிடுங்கப் போனார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உடு. சண்ட நாளிக்கும் நடக்கும்."

அவர்கள் எவரும் இப்போது இல்லை. வீடு நின்ற இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது; அதில் ஒரு வீடு எனக்கு. மேல்மாடிப் பையன் மின்சாரக் கித்தார் வாசிக்கிறான், மற்றவர்கள் புகார் எழுதிக் கையெழுத்துக்கு வந்தார்கள். நான் போடவில்லை. காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் கன்னத்தை வைத்தேன். தடித்த தந்திகள் கேட்கின்றன.