விசில் அடிக்காத குக்கர்

சக்குபள்ளத்தில் நான் தோட்டவேலை செய்யும் விடுதிக்கு ஒருநாள் சமையலுக்கு வந்தார் அந்த அக்கா. நரைத்த கொண்டை, இடுப்பில் செருகிய செல்போன். ஊறவைத்துக் கொதிக்கவிட்ட ராஜ்மாவையும் காய்கறியையும் சூப்புக்காக, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் போட்டார். அது விசிலடிக்காது. அதனால் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார். உடனே செல்போனையும் பார்த்தார். குமுளி ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பிரசவ வலி.

“திறந்துக்கிட்டே இருந்தா வேகாதுக்கா.”

“சத்தமே இல்லையே தம்பி! உள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? நீங்களே மூடியப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

துணியால் பிடித்து நின்றேன். போன் வந்தது. கேட்டவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலே ஓடிப்போய் ரோட்டில் வந்த ஜீப்பில் ஏறிவிட்டார். அதன்பிறகு வரவில்லை.

சூப் நன்றாக வெந்திருந்தது. அவர் நம்பர் கேட்கக் கூச்சப்பட்டவன் நான், மகளுக்கு என்ன ஆனதென்று யாரிடம் விசாரிப்பது? இப்போதெல்லாம் மூடிய பாத்திரத்தைக் கண்டால் திறந்து பார்க்காமல் என் கை சும்மா இருப்பதில்லை.