குடும்பப் பெயர் கட்டாயம்

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில், ஒரு வளையல் கடைக்கு மேலே, ஆறுமுகத்தாய் பத்தொன்பது வருடமாக உலக அறிவியலை ஒழுங்குபடுத்தி வருகிறாள். உலக அறிவியலுக்கு இது தெரியாது. கீழே இருக்கும் வளையல் கடைக்காரருக்கே தெரியாது. மேலே ஏதோ டைப் அடிக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நடப்பது இதுதான். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு விஞ்ஞானிகள் கட்டுரை எழுதுகிறார்கள். அதை அப்படியே கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் எது தலைப்பு, எது எழுதியவர் பெயர், எது ஊர் என்று அதற்கு விளங்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சீட்டு, பின்னால் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். இங்கே தலைப்பு தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று. இப்படிச் சீட்டு ஒட்டிய சரக்குக்கு எக்ஸ்எம்எல் என்று பெயர். எந்தச் சீட்டு எங்கே வரலாம், எது இல்லாமல் முடியாது என்பதற்குப் பத்திரிகைக்காரர்கள் ஒரு சட்டப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு ஒத்துப்போனால் 'வேலிட்', பச்சை. ஒத்துப்போகாவிட்டால் 'எர்ரர்', சிவப்பு. கட்டுரையில் சொல்லியிருப்பது உண்மையா பொய்யா என்பது சட்டத்தின் கவலை இல்லை. நம் ஊரில் பல ஆபீசுகளின் கவலையும் அது இல்லை என்பதால் இந்தத் தொழில் இங்கே நன்றாக வேரூன்றியதில் வியப்பில்லை.

இந்தச் சட்டத்தில் ஆறுமுகத்தாய்க்கு மிகவும் பிடித்தது முதல் விதி: திறந்ததை மூட வேண்டும், கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். இந்த விதியை அவள் ஆபீசில் விட்டுவிட்டு வருவதில்லை. மோட்டார் காயில் கட்டும் தொழில் செய்கிற அவள் கணவன் மூக்காண்டி ஒருநாள் பீரோவைத் திறந்து, உள்ளே தைல டப்பாவைத் திறந்து, நெற்றியில் தேய்த்துக்கொண்டே பீரோவைச் சாத்திவிட்டான்.

"டப்பாவ மூடினியளா?"

"இல்ல."

"உள்ள ஒண்ணு தொறந்து கெடக்கும்போது வெளிய மூடினா எர்ரர்லா? திரும்பத் தொறங்க. முதல்ல டப்பா, பொறவு பீரோ."

"தலவலின்னு தைலம் எடுக்க வந்தேன். இப்ப தைலமே பத்தாது போல இருக்கு" என்றான் மூக்காண்டி. ஆனாலும் திறந்து, மூடி, மூடினான். பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கை அவனையும் வேலிட் ஆக்கியிருந்தது.

போன வருடம் கம்பெனியில் ஆட்டோமேஷன் வந்தது. அதற்கு முன்பு ஆறுமுகத்தாய் சரிபார்த்த கோப்பு, மேற்பார்வையாளர் சங்கரநாராயணன் அண்ணாச்சியின் மேஜையில் டீ ஆறும்வரை காத்திருக்கும். அவர் குடித்து முடித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த இடத்துக்குப் போகும். இப்போது அப்படி இல்லை. கோப்பை ஒரு பெட்டிக்குள் போட்டால் மெஷினே சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். சிவப்பு என்றால் திருப்பி எறியும். பச்சை என்றால் அந்த நொடியே கிளம்பிவிடும், அச்சுப் பிரதியாகி எழுதியவருக்கே போய்விடும். கூப்பிட்டாலும் திரும்பாது. அண்ணாச்சிக்கு டீ குடிக்கும் பொறுப்பு மட்டும் மிஞ்சியது. அதை அவர் குறைவில்லாமல் செய்து வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மல்லிகை மொட்டுப்புழு பற்றிய கட்டுரை வந்து சேர்ந்தது. எழுதியவர் பெயர் ரைஹானா, ஊர் கடையநல்லூர். புளியங்குடி வழியாக பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும் தூரம். கட்டுரை அந்த வழியாக வரவில்லை. ஆம்ஸ்டர்டாம் போய், மூன்று நிபுணர்களிடம் எட்டு மாதம் அடிபட்டு, சென்னையில் இறங்கி, வளையல் கடை மாடிக்கு வந்தது.

ஆறுமுகத்தாய் சீட்டு ஒட்டினாள். பெட்டியில் போட்டாள். சிவப்பு. 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்றது மெஷின்.

எழுதியவருக்குப் பெயர் இரண்டு துண்டாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ரைஹானாவோ ஒரே துண்டாக இருந்தார். இப்படி வந்தால் மெஷினே எழுதியவருக்கு மின்னஞ்சலில் கேள்வி அனுப்பும். அனுப்பியது. 'எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது' என்று பதில் வந்தது. கேட்ட இடத்தில் பெயரைக் காணோம் என்று மெஷின் அந்தப் பதிலைத் தள்ளிவிட்டுத் திரும்பவும் கேட்டது. அவரும் திரும்பவும் அதையே எழுதினார். மூன்று நாள் இந்த உரையாடல் நடந்தது. இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆறுமுகத்தாய்க்குப் பொறுமை போயிற்று. அந்த இடத்தில் உண்மையான பெயர்தான் வேண்டுமா, வெறும் எழுத்து இருந்தால் போதுமா என்று சோதித்துப் பார்க்க நினைத்தாள். வாயில் முதலில் வந்த சொல்லை அடித்துப் பெட்டியில் போட்டாள். அடுத்த மேஜைப் பெண்கள் அவளை நாளெல்லாம் கூப்பிடுகிற சொல். ஆங்கில எழுத்தில், 'அக்கா'. பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்பது திட்டம். பச்சை என்றால் கோப்பு நிற்காது என்பது அந்தக் கோபத்தில் மறந்துபோயிற்று.

பச்சை விழுந்தது. கோப்பு போய்விட்டது.

"அண்ணாச்சி, போச்சு!"

"பச்சையா செவப்பா?"

"பச்ச."

"பொறவு என்னத்துக்குக் கெடந்து அலறுத?" என்று அவர் டீயைக் கையில் எடுத்தார்.

மதியம் அச்சுப் பிரதி எழுதியவரிடமிருந்து திரும்பி வந்தது. திருத்தம் எழுத வேண்டிய கட்டத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது:

'யாருங்க அந்த அக்கா? என் கட்டுரைக்குள்ள எப்ப வந்தா? என் சர்டிபிகேட்டு பூராவும் ரைஹானா மட்டுந்தான். வர்ற பதினஞ்சாம் தேதி காலேஜுல வேல நிரந்தரத்துக்கு நேர்காணல். பேருல ஒரு எழுத்து மாறினாலும் கட்டுரையச் சேக்க மாட்டாங்க. வெள்ளைக்காரனுக்கு அக்கான்னு எழுத வராது. நீங்க நம்ம பக்கத்து ஆளு. தயவுசெஞ்சு சரி பண்ணுங்க.'

இதழ் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மூடப்படும். தவறினால் அடுத்த இதழ் மூன்று மாதம் கழித்து. அதற்குள் நிரந்தர வேலை வேறு யாருக்காவது நிரந்தரமாகியிருக்கும். கட்டுரை எழுதியவர்களோடு நேரடியாகப் பேசக் கூடாது என்பது கம்பெனியின் கண்டிப்பான விதி. பத்தொன்பது வருடத்தில் ஆறுமுகத்தாய் மீறாத விதி. அவள் தண்ணீர் கேன் மறைவுக்குப் போனாள். கட்டுரையில் அவளே சீட்டு ஒட்டிய செல்போன் எண்ணை அடித்தாள்.

"ரைஹானா மேடமா? நான்தாம்மா அந்த அக்கா."

"அல்லாஹ்வே! எங்கருந்து பேசுதிய?"

"சங்கரன்கோவில்."

"நம்ம ஆளுன்னாலும் ஆம்ஸ்டர்டாம்ல இருப்பியன்னுல்லா நெனச்சேன்?"

"ராஜபாளையம் ரோடு."

"முதல்லயே தெரிஞ்சா பஸ் ஏறி வந்து கையில தந்திருப்பேனே!"

"வாப்பா பேரு என்ன? அதப் போட்டுருவமா?"

"ஆதம். ஆனா சர்டிபிகேட்ல இல்லையே. பத்தாங்கிளாஸ் ஃபாரத்துல சாரு இனிஷியல விட்டுட்டாரு. அன்னைலருந்து நான் மொட்டையாத்தான் இருக்கேன். இன்னொண்ணு சொல்லுதேன், வெயில்ல நின்னு மூணு வருசம் புழு எண்ணினது நான். வாப்பா மல்லிப்பூவப் பாத்ததே கல்யாண வீட்டுலதான்."

"அந்த எடத்துல ஒரு புள்ளி மட்டும் வச்சா?"

"புள்ளியும் சர்டிபிகேட்ல இல்லக்கா."

கேன் மறைவில் அந்தப் பேச்சு இருபத்தைந்து நிமிடம் நீண்டது. துபாயில் இருக்கிற மாப்பிள்ளை, முட்டி வலி மாமியார், வாரம் பதினெட்டு வகுப்பு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று சட்டம் கேட்காத விவரங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. "நாளைக்கு அஞ்சுக்குள்ள பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு ஆறுமுகத்தாய் போனை வைத்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை அவள் சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். இருநூற்றுப் பதினான்கு பக்கம். பத்தொன்பது வருடமாக அதை வைத்து ஊரையே மிரட்டியவள், முழுதாகப் படித்தது இதுதான் முதல் தடவை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் மூட மறந்தாள். அடுத்த மேஜைப் பெண்கள் உடம்பு சரியில்லையோ என்று பயந்தார்கள்.

நான்கே கால் மணிக்கு நூற்று முப்பத்தேழாம் பக்கத்தில் கண்டாள். கட்டுரை எழுதியவர் இரண்டு வகை. தனிநபர் என்றால் முன்பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம். நிறுவனம் என்றால் பெயர் போதும். நிறுவனத்துக்கு யாரும் அப்பன் பெயர் கேட்பதில்லை.

"அண்ணாச்சி, இந்தப் புள்ளைய நிறுவனம்னு போடப் போறேன்."

சங்கரநாராயணனுக்குப் புரையேறியது. "ஒத்தப் பொம்பளையப் போயி நிறுவனம்ங்கியே, அடுக்குமா தாயி?"

"ஏன் அடுக்காது? வாரம் பதினெட்டு வகுப்பு எடுக்கா. ரெண்டு புள்ளைய வளக்கா. மாமியாரு முட்டிக்குத் தைலம் தேய்க்கா. மிச்ச நேரம் வயல்ல புழு எண்ணுதா. நம்ம கம்பெனில ஒம்பது பேரு இருக்கோம். இதுல பாதி வேல நடக்கா?"

அண்ணாச்சி தன் டம்ளரைப் பார்த்தார். சத்தமில்லாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தார். "மெஷின் ஒத்துக்கிடணுமே?"

"அதுக்கு அவளத் தெரியாதுல்லா?"

தனிநபர் சீட்டுகளைப் பிய்த்து எறிந்தாள். நிறுவனச் சீட்டு ஒட்டினாள். உள்ளே ஒரே சொல், ரைஹானா. நான்கு நாற்பத்தேழுக்குப் பெட்டியில் போட்டாள். மெஷின் ஒரு நொடி யோசித்தது. பச்சை. இதழில் கட்டுரைக்குக் கீழே ரைஹானா என்று மட்டும் அச்சாகி வந்தது, புள்ளி கூட இல்லாமல்.

பதினைந்தாம் தேதி நேர்காணலில் மூன்று பெரியவர்கள் சான்றிதழையும் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒருவர் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் விரல் வைத்துப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஏழெழுத்து. ஏழும் பொருந்தின. புழுவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பத்தாம் நாள் நிரந்தர ஆணை வந்தது.

அதற்கு மறுவாரம் போன் வந்தது.

"அக்கா, ஒரு வில்லங்கம். உங்கள் நிறுவனத்தில் எத்தனை ஆராய்ச்சியாளர்கள்னு பத்திரிகையிலருந்து ஃபாரம் வந்திருக்கு. ஒண்ணுன்னு போட்டா செவப்பு காட்டுது. கொறஞ்சது ரெண்டு பேராவது வேணுமாம். நெரப்பலன்னா கட்டுரைய எடுத்துருவாங்களாம். எடுத்துட்டா எனக்கு வேலயும் போயிரும்."

"ரெண்டுன்னு போடும்மா."

"பொய்யில்லையாக்கா அது?"

"வேலிட்டும்மா" என்றாள் ஆறுமுகத்தாய்.